பாசிட்டிவ் என்றால் நோயா? மூளைச் சிதைவு நோய்ச் சோதனைகளை எவ்வளவு நம்பலாம்

அல்சைமர், பார்க்கின்சன், குரூட்ஸ்ஃபெல்ட்-ஜேக்கப் ஆகிய மூன்றும் வெளிப்பார்வைக்கு வெவ்வேறு நோய்கள். ஒன்றில் நினைவு தேய்கிறது. ஒன்றில் கை நடுங்கி, நடை தளர்கிறது. மூன்றாவதில் சில மாதங்களிலேயே பேச்சும் நினைவும் நடமாட்டமும் குலைந்து உயிர் போகிறது. மூளைக்குள் நடப்பது மட்டும் ஏறக்குறைய ஒன்றுதான். உடலில் இயல்பாகவே இருக்கும் ஒரு புரதம் தவறாக மடிகிறது. அப்படி மடிந்தவை ஒன்றோடொன்று ஒட்டி, கரையாத திரள்களாகப் படிகின்றன. கூடவே நரம்பு செல்கள் அழிகின்றன. அல்சைமரில் இந்த வேலையைச் செய்பவை அமைலாய்டு பீட்டா, டாவ் என்ற இரு புரதங்கள். பார்க்கின்சனில் ஆல்ஃபா சைனூக்ளின், குரூட்ஸ்ஃபெல்ட்-ஜேக்கப்பில் பிரையான்.

ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் 1906 நவம்பரில் நடந்த மருத்துவர் கூட்டத்தில், இறந்துபோன தன் நோயாளி ஒருவரின் மூளைத் திசுவில் கண்ட படிவுகளையும் முறுக்கிழைகளையும் அலாய்ஸ் அல்சைமர் விவரித்தார். அதன் பிறகு ஒரு நூற்றாண்டுக் காலம், இந்த நோயை உறுதி செய்ய அதே வழிதான் இருந்தது: நோயாளி இறந்தபின் மூளையை அறுத்து, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பது. இப்போது முதுகுத்தண்டில் எடுக்கும் நீரிலும், தோலின் சிறு துண்டிலும், சில துளி இரத்தத்திலும் அந்தப் புரதங்களைத் தேட முடிகிறது. இந்தச் சோதனைகளை எந்த அளவுக்கு நம்பலாம் என்ற கேள்வி ஆய்வகச் சுவர்களைத் தாண்டி வந்துவிட்டது. அமைலாய்டை அகற்றும் லெக்கானெமாப் மருந்துக்கு 2023-லும், டோனனெமாப் மருந்துக்கு 2024-லும் அமெரிக்கா முழு ஒப்புதல் தந்தது. மூளை வீக்கமும் இரத்தக் கசிவும் இவற்றின் அறியப்பட்ட பக்கவிளைவுகள். மூளையில் அமைலாய்டு இருப்பதாக உறுதியானால்தான் இவற்றைத் தொடங்க முடியும். ஆகவே சோதனை தவறினால், தேவையற்ற ஒருவர் அபாயமான மருந்தைப் பெறுவார். தேவையான ஒருவர் அதை இழப்பார்.

அளவுகோல் எது?

எந்தச் சோதனையின் நம்பகத்தன்மையையும் இரண்டு எண்களால் சொல்வது வழக்கம். நோய் உள்ளவர்களில் எத்தனை பேரைச் சோதனை பிடிக்கிறது என்பது உணர்திறன். நோய் இல்லாதவர்களில் எத்தனை பேரைச் சரியாக விடுவிக்கிறது என்பது தனித்தன்மை. இந்த எண்களைக் கணக்கிட, யாருக்கு உண்மையில் நோய் இருக்கிறது என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும். இந்தத் துறையின் அடிப்படைச் சிக்கலே அங்கேதான் இருக்கிறது. மருத்துவரின் கணிப்பை அளவுகோலாக வைக்க முடியாது. அமெரிக்காவின் அல்சைமர் ஆய்வு மையங்களில் 2005 முதல் 2010 வரை பிரேதப் பரிசோதனை செய்யப்பட்டவர்களின் பதிவுகளை ஒப்பிட்ட ஆய்வில், மருத்துவர்களின் கணிப்புக்கு உணர்திறன் 71 முதல் 87 சதவீதமும், தனித்தன்மை 44 முதல் 71 சதவீதமும்தான் கிடைத்தன. இவர்கள் சாதாரண மருத்துவர்களும் அல்லர், அத்துறையின் வல்லுநர்கள்.

இந்தத் தவறின் விலை மருந்துச் சோதனைகளில் தெரிந்தது. சோலனெசுமாப் என்ற அமைலாய்டு எதிர்ப்பு மருந்தின் மூன்றாம் கட்ட ஆய்வுகளில் நோயாளிகளை அறிகுறிகளை வைத்தே சேர்த்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினரை ஸ்கேன் செய்து பார்த்தபோது, சுமார் கால் பங்கினரின் மூளையில் அமைலாய்டே இல்லை. இல்லாத படிவை அகற்ற மருந்து கொடுத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு வந்த ஆய்வுகள், அமைலாய்டு உறுதியானவர்களை மட்டுமே சேர்க்கத் தொடங்கின.

பிரேதப் பரிசோதனைக்கு அடுத்தபடியான அளவுகோல் பெட் ஸ்கேன். படிவோடு ஒட்டும் கதிரியக்கப் பொருளை நரம்பில் ஏற்றி, அது மூளையில் எங்கே தங்குகிறது என்று படமெடுப்பது இதன் முறை. இதற்கான ஃப்ளோர்பெட்டாபிர் என்ற பொருளுக்கு 2012-ல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. வாழ்நாளின் கடைசிக் கட்டத்தில் இருந்தவர்கள் ஸ்கேனுக்கு உட்பட்டு, இறந்தபின் மூளையையும் ஆய்வுக்குத் தந்ததால்தான் அது சாத்தியமாயிற்று. படத்தில் தெரிந்ததும் திசுவில் கண்டதும் ஒத்துப்போயின. இன்று இரத்தச் சோதனைகள் பெரும்பாலும் இந்த ஸ்கேனோடுதான் ஒப்பிடப்படுகின்றன. அதாவது ஓர் அளவுகோலை வைத்துச் சரிபார்த்த இன்னொரு அளவுகோலைக் கொண்டு மூன்றாவது ஒன்று சரிபார்க்கப்படுகிறது. முதல் இரண்டில் உள்ள பிழையும் மூன்றாவதில் சேரும்.

குழாயில் ஒட்டிக்கொள்ளும் புரதம்

மூளையைச் சுற்றியும் தண்டுவடத்தைச் சுற்றியும் ஓடும் நீரை இடுப்புப் பகுதியில் ஊசி போட்டு எடுத்து, அதிலுள்ள அமைலாய்டு பீட்டாவின் 42 அமினோ அமிலம் கொண்ட வடிவத்தை அளப்பது அல்சைமர் சோதனைகளில் மூத்தது. இதில் ஒரு தலைகீழ்க் கணக்கு உண்டு. மூளையில் படிவு சேரச் சேர, இந்தப் புரதம் அங்கேயே தங்கிவிடுகிறது. தண்டுவட நீரில் அதன் அளவு குறைகிறது. ஆகவே அளவு குறைவாக இருந்தால் அல்சைமர் பக்கம் சாய வேண்டும்.

இந்தத் தலைகீழ்க் கணக்கினாலேயே, ஊசி போட்ட அறையிலேயே பிழை தொடங்கிவிடலாம். அமைலாய்டு பீட்டா 42 எளிதில் ஒட்டும் புரதம். பாலிஸ்டைரீன் குழாயில் நீரைப் பிடித்தால் கணிசமான பகுதி சுவரில் ஒட்டிவிடும். பாலிப்ரொப்பிலீன் குழாயிலும் ஓரளவு ஒட்டும். ஒரு குழாயிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றும் ஒவ்வொரு தடவையும் மேலும் கொஞ்சம் குறையும். சிறிய அளவு நீரைப் பெரிய குழாயில் வைத்தாலும் அப்படித்தான். நீருக்கு ஏற்றதைவிடச் சுவரின் பரப்பு அதிகம். சோதனைக் கருவி பிறகு எவ்வளவு துல்லியமாக அளந்தாலும், அது அளப்பது குழாயில் எஞ்சியதைத்தான். நோயே இல்லாதவரின் மாதிரியும் இப்படி 'குறைந்த அளவு' என்ற பட்டியலில் விழக்கூடும். ஆகவேதான் 2021-ல் வெளியான சர்வதேச வழிகாட்டி, ஊசியிலிருந்து சொட்டும் நீரை ஒட்டாத் தன்மை கொண்ட குழாயிலேயே நேரடியாகப் பிடிக்க வேண்டும், குழாயைப் பாதிக்குக் குறையாமல் நிரப்ப வேண்டும், இடையில் வேறு குழாய்க்கு மாற்றக் கூடாது என்று விதித்தது.

குழாய் ஒருபுறமிருக்க, ஆய்வகத்துக்கு ஆய்வகம் முடிவு மாறியது இன்னொரு தலைவலி. ஸ்வீடனின் கோதன்பர்க் பல்கலைக்கழகத்தை மையமாக வைத்து, அமெரிக்க அல்சைமர் சங்கத்தின் ஆதரவில் 2009-ல் ஒரு தரக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. ஒரே மாதிரி நீரைப் பல நாட்டு ஆய்வகங்களுக்கு அனுப்பி, என்ன எண் வருகிறது என்று கேட்டார்கள். ஆய்வகங்களுக்கு இடையிலான வேறுபாடு 20 முதல் 30 சதவீதம் வரை இருந்தது. ஓர் ஊரில் இயல்பு என்று வரும் முடிவு, மற்றோர் ஊரில் நோய் என்று வர இது போதும்.

தீர்வு இரண்டு வழிகளில் வந்தது. மனிதக் கை படாமல் முழுக்க இயந்திரமே அளக்கும் கருவிகள் வந்து, வேறுபாட்டைப் பெரிதும் குறைத்தன. பெல்ஜியத்தின் கீல் நகரில் உள்ள ஐரோப்பிய ஆணையத்தின் ஆராய்ச்சி மையம், அளவு சான்றளிக்கப்பட்ட தரநிலைத் திரவங்களை வெளியிட்டது. கருவி தயாரிப்பாளர்கள் அவற்றை வைத்துத் தங்கள் அளவீட்டைச் சரிசெய்ய முடிந்தது. கூடவே, 42-ஐ மட்டும் அளக்காமல், 42-க்கும் 40 அமினோ அமிலம் கொண்ட வடிவத்துக்கும் உள்ள விகிதத்தைக் கணக்கிடும் முறையும் பரவியது. இரண்டுமே குழாயில் ஒட்டுபவை என்பதால் விகிதத்தில் பிழை பாதியாவது அடிபட்டுப் போகும். ஆளுக்கு ஆள் இயல்பாகவே உள்ள ஏற்ற இறக்கமும் சமமாகும். இந்த விகிதத்தைத் தண்டுவட நீரில் அளக்கும் லூமிபல்ஸ் சோதனைக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2022 மே மாதம் அனுமதி தந்தது.

பிரையான்: சாட்சியிலிருந்து குற்றவாளிக்கு

குரூட்ஸ்ஃபெல்ட்-ஜேக்கப் நோய், ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு வருவது. இதற்குக் காரணமான தொற்றுப் புரதத்துக்கு 1982-ல் பிரையான் என்று பெயரிட்ட ஸ்டான்லி புரூசினர், 1997-ல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் அக்காலத்தில் உயிருள்ள நோயாளியிடம் பிரையானையே கண்டுபிடிக்கும் சோதனை கிடையாது. 1996-ல் வந்த சோதனை, தண்டுவட நீரில் 14-3-3 என்ற வேறொரு புரதத்தைத் தேடியது. நரம்பு செல்கள் வேகமாக அழியும்போது சிந்துவது அது. அண்மையில் பக்கவாதம் வந்தவருக்கும், மூளையில் ஹெர்ப்பிஸ் தொற்று உள்ளவருக்கும் அது கூடும். அழிவு நடக்கிறது என்பதைச் சொல்லுமே தவிர, அழிப்பது யார் என்று அதற்குத் தெரியாது.

இந்த நோயில் தவறான பாசிட்டிவ் மிகக் கொடியது. தன் உடலின் எதிர்ப்பாற்றலே மூளையைத் தாக்கும் சில நோய்கள், பார்ப்பதற்கு இதைப்போலவே இருக்கும். ஆனால் அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. குரூட்ஸ்ஃபெல்ட்-ஜேக்கப்புக்கு இல்லை. தவறாக முத்திரை குத்தப்பட்டால், பிழைக்கக் கூடியவர் கைவிடப்படுவார்.

அடுத்து வந்த ஆர்.டி-குயிக் சோதனை, பிரையானின் குணத்தையே அதற்கு எதிரான சாட்சியாக்கியது. உறைமோர்த் துளி பட்டால் பால் முழுதும் தயிராவதுபோல, தவறாக மடிந்த பிரையான் சிறிதளவு சேர்ந்தால் இயல்பான பிரையான் புரதமும் தவறாக மடியத் தொடங்கும். ஆய்வகத்தில் இதைச் செய்யும் விதம் இப்படி. 96 சிறு குழிகள் கொண்ட தட்டில், பாக்டீரியாவில் தயாரித்த தூய பிரையான் புரதக் கரைசல் இருக்கும். கூடவே தயோஃப்ளேவின் டி என்ற சாயம். நோயாளியின் தண்டுவட நீரில் 20 மைக்ரோலிட்டர் அளவை நான்கு குழிகளில் தனித்தனியாகச் சேர்ப்பார்கள். கருவி தட்டைச் சூடாக வைத்து, ஒரு நிமிடம் குலுக்கி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி குலுக்கும். நோயாளியின் நீரில் பிரையான் இருந்தால், குழியில் உள்ள புரதம் இழைகளாகத் திரளும். சாயம் அந்த இழைகளில் ஒட்டி ஒளிரும். திரையில் பல மணி நேரம் படுத்திருந்த கோடு சட்டென்று எழும். வழக்கமாக நான்கில் குறைந்தது இரண்டு குழிகளாவது ஒளிர்ந்தால்தான் பாசிட்டிவ்.

ஜப்பானின் நாகசாகி ஆய்வாளர்கள் 2011-ல் இம்முறையை நோயாளிகளின் தண்டுவட நீரில் காட்டியபோது, உணர்திறன் 80 சதவீதத்துக்கு மேல், தனித்தன்மை 100 சதவீதம். அமெரிக்காவின் மொன்டானாவில் உள்ள ராக்கி மவுண்டன் ஆய்வகம் 2015-ல் புரதத்தைச் சுருக்கி, வெப்பத்தைக் கூட்டி வடிவமைத்த இரண்டாம் தலைமுறைச் சோதனையில் உணர்திறன் 90 சதவீதத்தைத் தாண்டியது. நாள்கணக்கில் ஆன சோதனை ஒரே நாளில் முடிந்தது. பல நாட்டு ஆய்வகங்களுக்கு ஒரே மாதிரிகளை அனுப்பிப் பார்த்த 2016 ஆய்விலும் முடிவுகள் நன்றாக ஒத்துப்போயின. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2018-ல் இதைத் தன் கண்டறியும் விதிகளில் சேர்த்தது.

இதற்கும் எல்லைகள் உண்டு. எடுத்த நீரில் இரத்தம் கலந்திருந்தால் வினை தடைபட்டு, நோய் இருந்தும் நெகட்டிவ் வரலாம். அதிக நேரம் ஓடவிட்டால், எந்தத் தூண்டுதலும் இல்லாமலே புரதம் தானாகத் திரண்டு போலியான ஒளி தரலாம். ஆகவே எத்தனை மணி நேரத்தில் சோதனையை முடிக்க வேண்டும் என்ற வரம்பு அவசியம். ஒவ்வொரு தொகுதிப் புரதத்தையும் தனியாகச் சரிபார்க்க வேண்டும். நோயின் சில அரிய மரபு வகைகளில் உணர்திறன் குறைகிறது. 'பைத்திய மாட்டு நோய்' எனப்படும் மாட்டு நோயிலிருந்து மனிதருக்குத் தொற்றிய வகையில், தண்டுவட நீர்ச் சோதனை பெரும்பாலும் நெகட்டிவாகவே வருகிறது. மேலும் இது உண்டு, இல்லை என்று சொல்லும் சோதனை. நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதை நம்பகமாக அளந்து சொல்லாது.

பார்க்கின்சனில் ஒரு புதிர்

1817-ல் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்த நோய்க்கு அண்மைக்காலம் வரை ஆய்வகச் சோதனையே இல்லை. நடையையும் நடுக்கத்தையும் பார்த்தே மருத்துவர் முடிவெடுத்தார். ஆல்ஃபா சைனூக்ளினும் பிரையானைப்போலத் தன் வடிவத்தைப் பரப்பும் குணம் உடையது என்று தெரிந்ததும், தவறாக மடிந்த புரதத்தை விதையாக வைத்துப் பெருக்கும் அதே விதைப்பு முறை இதற்கும் பொருத்தப்பட்டது. 2023-ல் 'லான்செட் நியூராலஜி' இதழில் வெளியான ஆய்வு 1,123 பேரைச் சோதித்தது. நோய் உள்ளவர்களில் 87.7 சதவீதம் பேரைச் சோதனை பிடித்தது. நலமாக இருந்தவர்களில் 96.3 சதவீதம் பேருக்கு நெகட்டிவ்.

இந்தச் சராசரியைப் பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் தெரிகிறது. மரபணு மாற்றம் ஏதுமின்றி, முகரும் திறனும் குறைந்திருந்த நோயாளிகளில் உணர்திறன் 98.6 சதவீதம். எல்.ஆர்.ஆர்.கே2 என்ற மரபணு மாற்றத்தால் நோய் வந்தவர்களில் 67.5 சதவீதம்தான். அந்த மாற்றம் இருந்தும் முகரும் திறன் கெடாதவர்களில் 34.7 சதவீதம். இது சோதனையின் தோல்வியாகவே இருக்க வேண்டியதில்லை. எல்.ஆர்.ஆர்.கே2 மாற்றம் உள்ள சிலரின் மூளையைப் பிரேதப் பரிசோதனையில் பார்த்தபோது சைனூக்ளின் திரள்கள் இல்லாமலே நரம்பு செல்கள் அழிந்திருந்தது முன்பே தெரிந்த செய்தி. ஒரே பெயரில் அழைக்கப்படும் நோய்க்குள் இரண்டு வேறு நிகழ்வுகள் இருக்கலாம் என்பதைச் சோதனை காட்டிக் கொடுத்திருக்கிறது.

தண்டுவட ஊசிக்குப் பதிலாகத் தோலை எடுக்கும் வழியும் வந்துள்ளது. தோலின் நரம்பு இழைகளில் பாஸ்பேட் ஏறிய சைனூக்ளினைத் தேடுவது இது. 428 பேரிடம் செய்து 2024-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், பார்க்கின்சன் நோயாளிகளில் 92.7 சதவீதம் பேருக்குப் பாசிட்டிவ் வந்தது. ஒப்பீட்டுக்குச் சேர்க்கப்பட்டவர்களில் 3.3 சதவீதம் பேருக்கும் வந்தது. ஆனால் லூயி உடல் மறதிநோய், மல்டிபிள் சிஸ்டம் அட்ராஃபி ஆகியவற்றிலும் இது பாசிட்டிவ்தான். சைனூக்ளின் நோய்க் குடும்பத்தை இது அடையாளம் காட்டும். குடும்பத்தில் எந்த நோய் என்பதை மருத்துவர்தான் பிரித்தறிய வேண்டும்.

இரத்தத்தில் தேடுவதன் சிரமம்

மூளையில் பெருகிக் கிடக்கும் புரதம் இரத்தத்துக்கு வரும்போது, ஒரு மில்லிலிட்டரில் கிராமின் லட்சம் கோடியில் ஒரு பங்கு என்ற அளவில்தான் இருக்கும். தனித்தனி மூலக்கூறுகளையே எண்ணும் சிமோவா போன்ற கருவிகளும், நுட்பமான நிறை நிறமாலை முறைகளும் வந்த பிறகே இதை அளக்க முடிந்தது.

முதலில் முயன்றது, தண்டுவட நீரில் கைகொடுத்த அதே அமைலாய்டு விகிதத்தை. நோய் உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் தண்டுவட நீரில் இந்த விகிதம் 40 முதல் 50 சதவீதம் வரை வேறுபடும். இரத்தத்தில் அந்த இடைவெளி 10 முதல் 15 சதவீதம்தான். அமைலாய்டு பீட்டாவை உடலின் மற்ற உறுப்புகளும் உண்டாக்குவதால் மூளையின் குரல் இரத்தத்தில் மங்கிவிடுகிறது. இடைவெளி இவ்வளவு குறுகியதாக இருக்கும்போது, கருவியின் சிறு ஏற்ற இறக்கம்கூட ஒருவரைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடும். எடுத்த இரத்தத்தைப் பிளாஸ்மாவாகப் பிரிக்காமல் சில மணி நேரம் அறை வெப்பத்தில் வைத்திருந்தாலும் அமைலாய்டு அளவு இறங்கிவிடும்.

பி-டாவ்217 இதற்கு மாற்றாக வந்தது. டாவ் புரதத்தின் 217-ஆம் இடத்தில் பாஸ்பேட் ஏறிய வடிவம் இது. மூளையில் அமைலாய்டு உள்ளவர்களிடம் இது சில சதவீதம் அல்ல, மடங்குக் கணக்கில் கூடுகிறது. இடைவெளி அகலமானதால் கருவியின் சிறு பிழையைத் தாங்கிக்கொள்கிறது. அறை வெப்பத்திலும் அமைலாய்டைவிட நிலைத்து நிற்கிறது. ஸ்வீடனில் 1,213 நோயாளிகளிடம் நடந்து 2024-ல் வெளியான ஆய்வில், பி-டாவ்217-ஐயும் அமைலாய்டு விகிதத்தையும் சேர்த்த இரத்தச் சோதனை சுமார் 90 சதவீதம் சரியாக அல்சைமரைக் கண்டது. அதே நோயாளிகளைச் சோதனை முடிவு தெரியாமல் கணித்த குடும்ப மருத்துவர்கள் 61 சதவீதமும், மறதிநோய் வல்லுநர்கள் 73 சதவீதமும் சரியாகச் சொன்னார்கள்.

2025 மே 16 அன்று, பி-டாவ்217-க்கும் அமைலாய்டு 42-க்கும் உள்ள விகிதத்தை இரத்தத்தில் அளக்கும் லூமிபல்ஸ் சோதனைக்கு அமெரிக்கா அனுமதி அளித்தது. அல்சைமருக்கு அங்கே அனுமதி பெற்ற முதல் இரத்தச் சோதனை இதுவே. அனுமதிக்கு ஆதாரமான ஆய்வில் 499 மாதிரிகள் சோதிக்கப்பட்டன. பாசிட்டிவ் வந்தவர்களில் 91.7 சதவீதம் பேருக்கு ஸ்கேனிலோ தண்டுவட நீரிலோ அமைலாய்டு உறுதியானது. நெகட்டிவ் வந்தவர்களில் 97.3 சதவீதம் பேருக்கு அமைலாய்டு இல்லை என்பதும் உறுதியானது. 20 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு இரண்டும் கெட்டானாக முடிவு வந்தது.

அந்த நடுப்பகுதி குறையல்ல, வேண்டுமென்றே விடப்பட்டது. ஒரே கோட்டைப் போட்டு மேலே நோய், கீழே நலம் என்று பிரித்தால், கோட்டருகே இருப்பவர்களில் பலர் தவறான பக்கம் விழுவார்கள். இரண்டு கோடுகள் போட்டு, நடுவில் இருப்பவர்களை ஸ்கேனுக்கோ தண்டுவட நீர்ச் சோதனைக்கோ அனுப்பினால், மற்றவர்களுக்கான முடிவு உறுதியாகிறது. எத்தனை பேரை நடுவில் விடுகிறது என்று சொல்லாமல் துல்லியத்தை மட்டும் விளம்பரப்படுத்தும் சோதனையைக் கவனமாகவே பார்க்க வேண்டும்.

இரத்த அளவைக் கூட்டவும் குறைக்கவும் மூளைக்கு வெளியேயும் காரணங்கள் உண்டு. நாள்பட்ட சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களிடம் பாஸ்பேட் ஏறிய டாவ் அளவு கூடும். உடல் பருமன் உள்ளவர்களிடம் குறையும். இந்தக் கோடுகளைத் தீர்மானிக்கும் தற்போதைய கட்-ஆஃப் எண்கள் பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பிய மக்களிடமிருந்து பெறப்பட்டவை. இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம், அதாவது 88 லட்சம் பேர், மறதிநோயுடன் இருப்பதாக 2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. சர்க்கரை நோயும் அதனால் வரும் சிறுநீரகப் பாதிப்பும் பரவலாக உள்ள நாட்டில், வெளிநாட்டுக் கட்-ஆஃபை அப்படியே வைத்து முடிவு சொல்வது சரியல்ல.

யாரைச் சோதிக்கிறோம்?

ஒரு சோதனையின் நம்பகத்தன்மை கருவியில் மட்டும் இல்லை; யாருக்குச் செய்கிறோம் என்பதிலும் இருக்கிறது. உணர்திறனும் தனித்தன்மையும் தலா 90 சதவீதம் உள்ள ஒரு சோதனையை எடுத்துக்கொள்ளலாம். நினைவுக் கோளாறு சிகிச்சை மையத்துக்கு வரும் 1,000 பேரில் 500 பேருக்கு உண்மையில் அமைலாய்டு இருக்கிறது என்று வைப்போம். அந்த 500 பேரில் 450 பேருக்குப் பாசிட்டிவ் வரும். அமைலாய்டு இல்லாத 500 பேரில் 50 பேருக்கும் தவறாகப் பாசிட்டிவ் வரும். பாசிட்டிவ் என்று சொல்லப்பட்ட 500 பேரில் 450 பேருக்கு, அதாவது பத்தில் ஒன்பது பேருக்கு, அது உண்மை.

அதே சோதனையை, நலமாக இருக்கும் நடுத்தர வயதினர் 1,000 பேருக்குச் செய்தால்? அவர்களில் 100 பேருக்கு அமைலாய்டு இருப்பதாக வைத்தால், 90 பேருக்குச் சரியாகப் பாசிட்டிவ் வரும். மீதி 900 பேரில் 90 பேருக்குத் தவறாக வரும். இப்போது பாசிட்டிவ் வந்தவரில் பாதிப் பேருக்கு அது பொய். கருவி மாறவில்லை, ஆய்வகம் மாறவில்லை, சோதிக்கப்பட்டவர்கள்தான் மாறினார்கள். நெகட்டிவ் கதை இதற்கு நேர்மாறு. சிகிச்சை மையத்தில் நெகட்டிவ் வந்தவரில் 90 சதவீதம் பேருக்கு அது உண்மை. நலமாக இருப்போரிடம் கிட்டத்தட்ட 99 சதவீதம் பேருக்கு.

உடல்நலப் பரிசோதனைப் பட்டியலில் இச்சோதனைகளைச் சேர்க்க வேண்டாம் என்று வல்லுநர்கள் சொல்வதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். லூமிபல்ஸ் இரத்தச் சோதனைக்கான அமெரிக்க அனுமதியும், அறிகுறிகள் உள்ள, 55 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு, சிறப்பு மருத்துவச் சூழலில் மட்டும் என்றே வரையறுக்கிறது. அமெரிக்க அல்சைமர் சங்கம் 2025-ல் வெளியிட்ட வழிகாட்டி இரண்டு படிகளை வகுக்கிறது. உணர்திறன் 90, தனித்தன்மை 75 சதவீதமாவது இருந்தால், சோதனையை நோய் இல்லை என்று விலக்குவதற்குப் பயன்படுத்தலாம். பாசிட்டிவ் வந்தால் வேறு சோதனையால் உறுதி செய்ய வேண்டும். இரண்டும் 90 சதவீதத்தை எட்டினால்தான் ஸ்கேனுக்கு மாற்றாக ஏற்கலாம். இவையும் நினைவுக் குறைபாடு உள்ளவர்களுக்கான சிறப்பு மருத்துவத்துக்கு மட்டுமே.

புரதம் இருந்தால் நோயா?

அளவீடு முற்றிலும் சரியாக இருந்தாலும் ஒரு கேள்வி எஞ்சும். கண்டுபிடித்தது புரதத்தை, அது நோயாகுமா? 2015-ல் வெளியான தொகுப்பாய்வு ஒன்றின்படி, நினைவாற்றல் இயல்பாக இருப்பவர்களில், 50 வயதில் 10 சதவீதம் பேருக்கும், 90 வயதில் 44 சதவீதம் பேருக்கும் மூளையில் அமைலாய்டு இருக்கிறது. இவர்களில் பலர் மறதிநோய் வராமலே காலமாவார்கள்.

பிரையானில் இதே கேள்விக்குப் பிரிட்டன் பெரிய அளவில் விடை தேடியது. மாட்டு நோயால் மனிதருக்கு வந்த குரூட்ஸ்ஃபெல்ட்-ஜேக்கப் வகை, அங்கே 178 உயிர்களைப் பறித்தது. அறிகுறியின்றிப் பிரையானைச் சுமப்பவர்கள் எத்தனை பேர் என்று அறிய, அறுவையில் நீக்கப்பட்ட குடல்வால்கள் பெயர் அடையாளமின்றிச் சோதிக்கப்பட்டன. 2013-ல் வெளியான முடிவில் 32,441 குடல்வால்களில் 16 பாசிட்டிவ். ஏறத்தாழ 2,000 பேருக்கு ஒருவர். நோயாளிகளின் எண்ணிக்கையைவிட இது மிகமிக அதிகம். அடுத்த சுற்றில், மாட்டு நோய் பரவுவதற்கு முன் எடுத்தவையும், உணவுக் கட்டுப்பாடுகள் வந்தபின் பிறந்தவர்களுடையவையுமாக 29,516 குடல்வால்கள் சோதிக்கப்பட்டன. எதுவுமே வராது என்று எதிர்பார்க்கப்பட்ட அந்தக் கூட்டத்தில் 7 பாசிட்டிவ் வந்தன. தொற்று நினைத்ததைவிட நீண்ட காலம் பரவியிருந்ததா, அல்லது குடல்வாலில் இப்படித் தெரியும் புரதம் எப்போதுமே சிறு எண்ணிக்கையில் இருக்கும் ஒன்றா என்பது முடிவாகவில்லை.

பி-டாவ்217-உம் அல்சைமருக்கு மட்டும் உரியதல்ல. தசைகளை முடக்கும் ஏ.எல்.எஸ் நோயாளிகளின் இரத்தத்தில் அது கூடுகிறது. பிறந்த குழந்தைகளின் இரத்தத்தில் அல்சைமர் நோயாளிகளைவிடவும் அதிகமாக இருப்பதாக 2025-ல் கோதன்பர்க் ஆய்வாளர்கள் காட்டினார்கள். வளரும் மூளையில் அது இயல்பான நிகழ்வு.

இந்தச் சிக்கலில் துறையே இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. அமெரிக்க அல்சைமர் சங்கத்தின் 2024 வரையறைப்படி, உரிய சோதனையில் பாசிட்டிவ் வந்தாலே, அறிகுறி இல்லாவிட்டாலும், அது அல்சைமர் நோய்தான். சர்வதேசப் பணிக்குழு என்ற மற்றொரு வல்லுநர் குழு இதை ஏற்கவில்லை. அறிகுறியற்றவரை நோயாளி என்று அழைக்கக் கூடாது, நோய் வரும் அபாயம் உள்ளவர் என்றே சொல்ல வேண்டும் என்பது அவர்கள் நிலை. ஒரே ரிப்போர்ட்டை இரு தரப்பும் இரு விதமாகப் படிக்கும்.

எட்டியதும் எட்டாததும்

எல்லாப் புரதங்களுக்கும் சோதனை வந்துவிடவில்லை. ஏ.எல்.எஸ் நோயிலும் நெற்றிப்பொட்டு மறதிநோயின் ஒரு பெரும் பகுதியிலும் திரளும் டி.டி.பி-43 புரதம் 2006-ல் அடையாளம் காணப்பட்டது. அதற்கு நம்பகமான வழக்கமான சோதனை இன்னும் இல்லை. முதியவர்களின் மூளையில் இரண்டு மூன்று புரதங்கள் சேர்ந்தே படிந்திருப்பது சகஜம் என்பதால், அமைலாய்டு பாசிட்டிவ் வந்தவரின் மறதிக்கு அமைலாய்டு மட்டுமே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. நியூரோஃபிலமென்ட் எனப்படும் நரம்பிழைப் புரதத்தை இரத்தத்தில் நன்றாக அளக்கலாம். ஆனால் 14-3-3 போல அதுவும் அழிவின் அடையாளமே. தலைக்காயத்திலும், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயிலும், வயது ஏறினாலும் கூடும்.

இன்றைய நிலையை வரிசைப்படுத்தினால், பிரையானுக்கான விதைப்புச் சோதனை மிக உறுதியான இடத்தில் இருக்கிறது. அல்சைமருக்குத் தண்டுவட நீரில் அமைலாய்டு விகிதமும், இரத்தத்தில் பி-டாவ்217-உம், அறிகுறி உள்ளவர்களிடம் ஸ்கேனுக்கு இணையாக வந்துவிட்டன. சைனூக்ளின் சோதனை, வழக்கமான பார்க்கின்சனில் வலுவானது. மரபு வகைகளில் வலுவற்றது. மற்றவை ஆய்வு நிலையில் உள்ளன.

ரிப்போர்ட்டைக் கையில் வாங்குபவர் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. எந்தப் புரதம் அளக்கப்பட்டது, எந்தக் கருவியில்? கட்-ஆஃப் ஒன்றா இரண்டா, எண் அதிலிருந்து எவ்வளவு தூரத்தில்? சிறுநீரகக் கோளாறு போன்ற வேறு காரணம் உண்டா? சோதனைக்கு முன்பே அறிகுறிகள் அந்த நோயை எவ்வளவு சுட்டின? கோட்டருகே வந்த முடிவை, சிகிச்சை தொடங்குமுன் இன்னொரு முறையால் உறுதி செய்ய வேண்டும். அறிகுறி ஏதும் இல்லாதவர், வழிகாட்டிகள் மாறும்வரை, இந்தச் சோதனையைச் செய்துகொள்ளத் தேவையில்லை.